'சாலிட் வுட்' என்று போட்டு பார்ட்டிகிள் போர்டு அனுப்பினால்? "அசெம்பிள் செய்துவிட்டால் ரிட்டர்ன் இல்லை" என்பது செல்லுமா?

#1 தூறல்

வணக்கம். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு மேசை ஆன்லைனில் வாங்கினேன். தலைப்பிலேயே பெரிதாக "சாலிட் வுட் ஸ்டடி டேபிள்". படத்தில் மர ரேகை ஓடிய அழகைப் பார்த்துத்தான் வாங்கியதே. பலகைகள் தனித்தனியாக வந்தன, நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். கால்களைப் பூட்டும்போது திருகு இறங்கிய துளையிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டியது. ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் நெம்பிப் பார்த்தால் உள்ளே அமுக்கிய மரத்தூள். பார்ட்டிகிள் போர்டு.

விற்பனையாளருக்கு எழுதியதற்கு வந்த பதில்: "அசெம்பிள் செய்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது. தவிர, பக்கத்தின் அடியில் மெட்டீரியல் என்ற இடத்தில் எஞ்சினியர்டு வுட் என்று போட்டிருக்கிறோம், பார்க்கவில்லையா?"

தளத்தின் கஸ்டமர் கேரைக் கேட்டால், "நாங்கள் வெறும் மார்க்கெட்பிளேஸ், மற்றவர்கள் விற்க இடம் கொடுப்பவர்கள். உங்கள் 7 நாள் ரிட்டர்ன் விண்டோ முடிந்துவிட்டது." அந்த 7 நாளும் விற்பனையாளர் "செக் பண்ணிச் சொல்கிறோம்" என்று இழுத்ததில்தான் போனது.

மேசை ஆடாமல் நிற்கிறது. உடைசல், கீறல் எதுவும் இல்லை. அதனால் எனக்கே ஒரு தயக்கம்: பழுது இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா? இந்தியாவில் வாங்கியது, பணம் கிரெடிட் கார்டில் போனது.

#2 நெற்றிக்கண்

விட்டுத் தள்ளுங்க. ஒரு ஸ்டார் போட்டு நாலு வரி திட்டிட்டு வேலையைப் பாருங்க. கன்ஸ்யூமர் கோர்ட்னு அலைஞ்சா மேசை விலையைவிட உங்க நேரத்தோட விலை அதிகமாயிடும்.

#3 வாதிபிரதி

தூறல், முதல் வேலை: இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தப் பொருளின் பக்கத்தை முழுதாக ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். தலைப்பு, படங்கள், விவர அட்டவணை, கேள்வி பதில் பகுதி, மேலே இணைய முகவரி, தேதி எல்லாம் தெரிய வேண்டும். ஆர்டர் உறுதி மின்னஞ்சலையும் பில்லையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். புகார் போனதும் பக்கம் மாறுவது வாடிக்கை.

இப்போது உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். திருப்பிக் கொடுக்கும் காரணங்கள் மூன்று வகை: பொருள் பிடிக்கவில்லை, பொருள் பழுது, சொன்ன பொருள் வேறு வந்த பொருள் வேறு. முதல் வகைக்கு இந்தியச் சட்டத்தில் பொதுவான உரிமை இல்லை. அங்கே தளத்தின் ரிட்டர்ன் பாலிசி என்ன சலுகை கொடுக்கிறதோ அவ்வளவுதான். மற்ற இரண்டும் பாலிசியை நம்பி இருப்பவை அல்ல. அவை சட்டம் கொடுத்தவை. உங்களுடையது மூன்றாவது வகை.

அதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10) "குறைபாடு" என்பதை எவ்வளவு அகலமாக வரையறுக்கிறது என்று பாருங்கள். தரத்திலோ அளவிலோ தூய்மையிலோ குறை என்றால், எந்த அளவுகோலுக்குக் குறை? சட்டம் கேட்பதற்கு, ஒப்பந்தம் கேட்பதற்கு, அல்லது வியாபாரி எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்டதற்கு. வியாபாரி "முழு மரம்" என்று சொல்லிக்கொண்டார். பொருள் அதற்குக் குறைவாக இருக்கிறது. ஆகவே மேசை ஆடாமல் நின்றாலும் சட்டத்தின் கண்ணில் அது குறைபாடுள்ள பொருள்தான்.

இன்னும் நேரடியாக வேண்டுமா? மின்வணிக விதிகள் 2020, விதி 6. பொருள் குறைபாடாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் காட்டிய தன்மையும் அம்சமும் இல்லாவிட்டாலோ, மார்க்கெட்பிளேஸில் விற்பவர் அதைத் திரும்ப வாங்கவும் பணத்தைத் திருப்பவும் மறுக்கக் கூடாது. "பூட்டிவிட்டால் கிடையாது" என்று அதில் எங்கும் இல்லை.

பூட்டாமல் மேசையை எப்படிச் சோதிப்பது? 1930 ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது (பிரிவு 41). ஆனால் "வேண்டாம்" என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும் (பிரிவு 42). நீங்கள் உடனே எழுதிவிட்டீர்கள், நல்லது. எழுதியதில் "நிராகரிக்கிறேன்" என்று தெளிவாக இருக்கிறதா? "ஏமாற்றமாக இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள்" என்ற பாணியில் இருந்தால், இன்றைக்கே இன்னொன்று அனுப்புங்கள்.

#4 உளிமகன்

தச்சு வேலைதான் எனக்குத் தொழில். சட்டம் தெரியாது, பலகை தெரியும். இது மரம் இல்லன்னு நீங்க சொன்னா மட்டும் போதாது, படத்துல காட்டணும். எப்படின்னு சொல்றேன்.

கனத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. தூள் பலகையும், மர நாரை அமுக்கிச் செய்யற எம்டிஎஃப்பும் நல்லாவே கனக்கும். "தூக்க முடியல, அப்போ மரம்தான்"னு நெனச்சு ஏமாறுறவங்க நெறய.

பாக்க வேண்டியது வெட்டுமுகம். முழு மரத்துல மேல ஓடுற ரேகை விளிம்புல அறுந்து போகாது. நீளப்பக்கத்துல தொடர்ந்து ஓடும், வெட்டுமுகத்துல வளைய வளையமா திரும்பும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரணும். வெனீர்ங்கற மெல்லிசு மரத்தாளை மேல ஒட்டினதுல ரேகை விளிம்போட நின்னுடும், ஓரப்பட்டைல சம்பந்தமே இல்லாத வேற ரேகை ஓடும். அச்சடிச்ச தாள் ஒட்டினதுன்னா இன்னும் சுளுவு: ஒரே முடிச்சு, ஒரே சுழி, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி அப்படியே வரும். மரம் ஒரே முடிச்சை ரெண்டு தரம் போடாது தம்பி.

அப்புறம் மேசையைக் கவுத்துப் பாருங்க. மேல முடிச்சு இருக்கற எடத்துக்கு நேர் அடியில அடையாளமே இல்லாம வழவழன்னு இருந்தா அது ஒட்டு. திருகுத் துளையில இருந்து என்ன வந்துச்சுன்னு சொன்னீங்க, மாவா? முழு மரத்தைத் துளைச்சா சுருள் சுருளா சீவல் வரும். அந்தத் தூளை ஒரு வெள்ளைத் தாள்ல கொட்டி, பக்கத்துல அளவுகோல் வச்சு கிட்டக்க ஒரு படம் எடுங்க. பட்டை நெம்பின ஓரத்தையும் எடுங்க. இதுக்கு மேல உரிக்க வேண்டாம். நீங்கதான் உடைச்சீங்கன்னு திருப்பிடுவானுங்க.

இன்னொண்ணு. "எஞ்சினியர்டு வுட்"ங்கற பேருக்குள்ள நல்ல ப்ளைவுட்டும் வரும், எம்டிஎஃப்பும் வரும், இந்தத் தூள் பலகையும் வரும். ப்ளைவுட்டுக்கும் தூள் பலகைக்கும் ஆயுசுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். தண்ணி பட்டா தூள் பலகை ஊதிடும். பேரை மட்டும் போட்டு எந்தப் பலகைன்னு சொல்லாததும் ஒரு மறைப்புதான்.

#5 பார்சல் பாண்டி

நான் எதிர்ப்பக்கத்து ஆள். சின்ன அளவில் ஆன்லைனில் விற்கிறேன். எங்கள் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

அந்த மெட்டீரியல் பெட்டியில் நாங்கள் நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. பல தளங்களில் பட்டியலில் இருக்கும் நாலைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். தலைப்பு மட்டும் நம் கையில். வாங்குபவர்கள் தேடும் சொற்களைத் தலைப்பில் திணித்தால்தான் பொருள் மேலே வரும். "சாலிட் வுட்" என்பது தேடப்படும் சொல். நேர்மையாக "பார்ட்டிகிள் போர்டு மேசை" என்று போட்டவன் எங்கோ அடியில் கிடப்பான். இதைச் சரி என்று சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்களால் முதலில் அடிவாங்குவது என்னைப் போன்ற விற்பனையாளர்கள்தான். இந்தக் கேஸில் தூறல் பக்கம்தான் நியாயம்.

ஆனால் வாங்குபவர்களும் சும்மா இல்லை. நிறம் பிடிக்காமல் போனதற்கு "பழுது" என்று காரணம் போடுகிறார்கள், ஏனென்றால் அதற்குத்தான் இலவச பிக்கப். புதிதை எடுத்துக்கொண்டு பழையதை அனுப்புகிறவர்களும் உண்டு. பெட்டிக்குள் செங்கல் வந்த அனுபவம் எங்கள் வட்டாரத்தில் பலருக்கு இருக்கிறது. போகவர கூரியர் செலவும் எங்கள் தலையில். அதனால்தான் பாதிப் பேர் அன்பாக்ஸிங் வீடியோ கேட்கிறோம்.

தூறலுக்கு என் யோசனை: கோபத்தை எழுதாதீர்கள், ஒப்பீட்டை எழுதுங்கள். ஆர்டர் எண், பக்கத்தில் எந்த வரி என்ன சொல்கிறது, எந்தப் படம் அதை மறுக்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும். நாலே வரி. அப்படி வரும் மின்னஞ்சலைப் பார்த்தால் எங்களுக்கே கொஞ்சம் பயம் வரும், உண்மையைச் சொல்கிறேன். ரிட்டர்ன் காரணத்தில் "தரம் திருப்தியில்லை" என்பதைத் தொடாதீர்கள். "விவரத்துடன் பொருந்தவில்லை" என்பதைத்தான் எடுக்க வேண்டும். தளத்தின் கணினி அந்த ஒரு கிளிக்கை வைத்துத்தான் உங்களை எந்த வரிசையில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறது.

#6 வாதிபிரதி

பாண்டி, வீடியோ கேட்பதில் தப்பில்லை. வீடியோ இல்லையென்றால் புகாரே எடுக்க மாட்டோம் என்பதில்தான் தப்பு. மேலே சொன்ன விதிகளில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. வீடியோ ஒரு சாட்சி, அவ்வளவுதான். மேசைக்குள் இருப்பது தூள் என்பதைப் பெட்டி திறக்கும் வீடியோவா காட்டும்?

"அடியில் எஞ்சினியர்டு வுட் என்று போட்டிருந்தோம்" என்ற வாதத்துக்கு வருவோம். இதுதான் இந்தப் பிரச்சினையின் மையம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு கூற்று: மேலே பெரிய எழுத்தில் முழு மரம், கீழே சின்ன எழுத்தில் வேறு. வாங்குபவர் எதை நம்ப வேண்டும்? தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதைப் பற்றியே பேசுகின்றன. விளம்பரத்தின் முக்கியக் கூற்றைச் சின்ன எழுத்துக் குறிப்பு விளக்கலாம், வரையறுக்கலாம். அதற்கு முரணாகப் பேசக் கூடாது, தவறான கூற்றை ஓசைப்படாமல் திருத்தும் கருவியாக ஆகக் கூடாது. "அடிக்குறிப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன், ஆகவே தலைப்பில் பொய் சொல்லலாம்" என்பது எடுபடாது. எழுத்தில் இருபொருள் வந்தால் எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்வது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய வழக்கமும்கூட.

7 நாள் விஷயம். ரிட்டர்ன் விண்டோ என்பது தளத்தின் உள்வசதி. அது மூடினால் பொத்தான் மறையும், உரிமை மறையாது. நுகர்வோர் ஆணையத்தில், அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்டில், புகார் செய்யக் காலவரம்பு 2 ஆண்டு (2019 சட்டம், பிரிவு 69). குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிக நடத்தை என்று பிரிவு 2(47) சொல்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். "பில்லில் 7 நாள் என்று போட்டிருக்கிறோமே" என்று அவர்கள் வாதாடலாம். நீங்கள் அந்த 7 நாளுக்குள் எழுதிய மின்னஞ்சல்தான் அதற்குப் பதில்.

"நாங்கள் வெறும் மார்க்கெட்பிளேஸ்." இதில் பாதி உண்மை இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79, பிறர் போட்ட விவரத்துக்குப் பொறுப்பாகாமல் இருக்க இடைத்தரகர்களுக்கு ஒரு பாதுகாப்பு கொடுக்கிறது. ஆனால் அது சும்மா கிடைக்காது. 2020 விதிகளின்படி படமும் விவரமும் பொருளோடு ஒத்துப்போகும் என்று விற்பவரிடம் உறுதிமொழி வாங்கியிருக்க வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் தெரிய வேண்டும். உங்கள் புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்தில் பதில், ஒரு மாதத்தில் தீர்வு. கஸ்டமர் கேரில் சாட் செய்தது இந்தக் கணக்கில் சேருமா என்ற வாதமே வேண்டாம், குறைதீர் அலுவலரின் முகவரிக்கே மின்னஞ்சல் போடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. வாங்கியவர் எழுத்தில் கேட்டால், விற்பவரின் தலைமையிட முகவரி, மின்னஞ்சல் முதலிய விவரங்களைத் தளம் கொடுத்தாக வேண்டும் (விதி 5). நோட்டீஸ் அனுப்ப முகவரி இல்லையே என்று பாதிப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

#7 கடல்தாண்டி

நான் இருக்கிறது யூகேயில. இங்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் 11 ஆம் பிரிவில பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேணும் எண்டு இருக்கு. ஒத்திருக்காட்டி 30 நாளுக்குள்ள நேரா நிராகரிச்சு முழுக் காசையும் கேக்கலாம். அதுக்குப் பிறகெண்டால் திருத்தவோ மாத்தித் தரவோ ஒரு தடவை இடம் குடுக்க வேணும், அதிலயும் சரிவராட்டித் திரும்ப நிராகரிக்கலாம். முதல் ஆறு மாசத்துக்குள்ள தெரிஞ்ச குறை தொடக்கத்திலயே இருந்தது எண்டுதான் பொதுவா எடுப்பினம். இது தவிர, ஆன்லைனில வாங்கினால் காரணமே சொல்லாமல் 14 நாளில ரத்துச் செய்யிற உரிமை தனி. ஐரோப்பிய ஒன்றியத்திலயும் அந்த 14 நாள் இருக்கு. தூறல் மாதிரி ஆக்களுக்கு அது இருந்தால் இந்தச் சண்டையில பாதி தேவைப்படாது.

"மேசை நல்லாத்தானே நிக்குது" எண்ட தயக்கத்துக்கு ஒரு பழைய வழக்கு சொல்லலாம். 1933ல, அந்த நாளில இங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபைக்குப் போனது. பீப்பா செய்யிறதுக்கு அரை அங்குலத் தடிப்பில மரத்துண்டுகள் ஓடர் பண்ணினவை. வந்தது மிகச் சின்ன அளவில தடிப்புக் கூட. பீப்பா செய்ய அது தாராளமாக் காணும். ஆனாலும் வாங்கினவை நிராகரிச்சது சரி எண்டு தீர்ப்பு. அரை அங்குலம் எண்டால் கிட்டத்தட்ட அரை அங்குலம் இல்லை, அரை அங்குலம்தான். பிறகு 1994ல அந்தக் கடுமையை வியாபாரிகளுக்குள்ள நடக்கிற விற்பனைக்குக் கொஞ்சம் தளர்த்தினவை, நுகர்வோருக்குத் தளர்த்தேல்லை.

இன்னொண்டு 1967ல, கேட்டால் சிரிப்பு வரும். 1961 ஹெரால்ட் கார் எண்டு விளம்பரம். வாங்கினவர் நேரில போய்ப் பாத்துத்தான் வாங்கினார். பிறகு பாத்தால் அது ரெண்டு கார்! பின்பாதி 1961, முன்பாதி அதுக்கு முந்தின வேற ஒரு கார், நடுவில வெல்டிங். வித்த ஆளுக்கும் அது தெரியாது, அவர் வியாபாரியும் இல்லை, தனி ஆள். எண்டாலும் விளம்பரத்தில சொன்ன விவரத்துக்கு அவர்தான் பொறுப்பு எண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நேரில பாத்தும் வாங்கினவருக்கு அந்த உரிமை போகேல்லை.

#8 தூறல்

பாதிப் பாதிக் கார்! என் மேசை பரவாயில்லை போலிருக்கிறது.

எல்லோருக்கும் நன்றி. உளிமகன் அண்ணன் சொன்னபடி படம் எடுத்துவிட்டேன். மேற்பலகையில் ஒரே சுழி மூன்று இடத்தில் இருக்கிறது. இவ்வளவு நாள் கண்ணில் படவே இல்லை. குறைதீர் அலுவலருக்கும் எழுதியாயிற்று.

#9 நெற்றிக்கண்

சட்டப் புத்தகம் நல்லாத்தான் இருக்கு வக்கீலம்மா. புகார் கொடுத்தா எவ்வளவு நாள் ஆகும்னு சொல்லுங்க.

#10 வாதிபிரதி

நியாயமான கேள்வி. எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்கிறது சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட இழுக்கும். உறுப்பினர் இடம் காலியாகக் கிடக்கும், தேதி தள்ளிப் போகும். இதை மறைத்து நம்பிக்கை கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

ஆனால் "அலைய வேண்டும்" என்பது பழைய கதை. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம், விற்பவர் எந்த மூலையில் இருந்தாலும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையம் வழியே தாக்கல் செய்யலாம், 2025 ஜனவரியிலிருந்து அதற்கு இ-ஜாக்ரிதி தளம். விசாரணையைக் காணொளி வழியே நடத்தக் கோரலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் (பிரிவு 72).

பெரும்பாலான மேசை, போன், செருப்புத் தகராறுகள் ஆணையம் வரை போவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அடுத்து, பிரிவு எண்களோடு ஒரு பக்க நோட்டீஸ், விற்பவருக்கும் தளத்துக்கும் சேர்த்து. எதிர்ப்பக்கத்தில் இருப்பவரும் கணக்குப் போடுகிறவர்தானே நெற்றிக்கண்? உங்கள் நேரத்துக்கு விலை இருப்பதுபோல அவருடைய நேரத்துக்கும் உண்டு.

#11 தீவுக்காரி

கிரெடிட் கார்டில் கட்டினீர்கள் என்று முதல் பதிவிலேயே சொன்னதை யாரும் தொடவில்லையே! சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது.

விசாவில் 13.3 என்று ஒரு காரணக் குறியீடு, விவரத்துடன் ஒத்துப்போகாத அல்லது பழுதான பொருளுக்கென்றே இருக்கிறது. மாஸ்டர்கார்டில் 4853. பொதுவாக 120 நாள் கெடு, ஆனால் வங்கியிடம் சீக்கிரம் போவது நல்லது. இரண்டு விஷயம் காட்ட வேண்டும்: விற்பவரிடம் பேசித் தீர்க்க முயன்றீர்கள், பொருளைத் திருப்பிக் கொடுத்தீர்கள் அல்லது திருப்ப முன்வந்தீர்கள். இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "பொருள் தயாராக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுத்தில் இருக்கட்டும். பொருளையும் வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்கிற மாதிரித் தெரிந்தால் வங்கி கைகழுவிவிடும்.

இது கார்டு நிறுவனங்களின் விதி, சட்டம் இல்லை. விற்பவர் மறுத்துப் பதில் தரலாம், நீங்கள் தோற்கவும் செய்யலாம். தோற்றாலும் ஆணையத்துக்குப் போகும் வழி அப்படியே இருக்கும். டெலிவரியில் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு இந்த வழியே கிடையாது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: அங்கே போய் வழக்கா போடப் போகிறீர்கள்? கார்டில் கட்டுங்கள்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து குறையுள்ள பொருளுக்கான 'லெமன் லா' இருக்கிறது. 6 மாதத்துக்குள் தெரிந்த குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், அங்கே வழக்கறிஞர் வாதாடவே அனுமதியில்லை.

#12 கடல்தாண்டி

ஓம், அதோட யூகேயில கிரெடிட் கார்டுக்கு 1974 நுகர்வோர் கடன் சட்டத்தில 75 ஆம் பிரிவு வேற. 100 பவுணுக்கு மேல 30,000க்குள்ள எண்டால் கார்டு நிறுவனமும் விக்கிற ஆளோட சேர்ந்து பொறுப்பு. இது விதியில்லை, சட்டம். ஆனால் இடையில வேற பேமென்ட் நிறுவனம் வந்தால் சில வேளை அந்தத் தொடர்பு அறுந்துபோகும், கவனம்.

இலங்கையில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம், ஆனால் பொருள் வாங்கி 3 மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்க வேணும். அது சின்னக் கெடு, தவற விட்டுடாதேங்கோ.

#13 தூறல்

புது நிலவரம்.

வாதிபிரதி சொன்னது அப்படியே நடந்தது. பொருளின் தலைப்பு இப்போது "சாலிட் வுட் ஃபினிஷ் ஸ்டடி டேபிள்", அதாவது மேல்தோற்றம் மட்டும் மரம், என்று மாறியிருக்கிறது. நல்லவேளை, பழையது ஸ்க்ரீன்ஷாட்டிலும் ஆர்டர் மின்னஞ்சலிலும் பில்லிலும் இருக்கிறது.

தளம் விற்பவரின் முகவரியைக் கொடுத்தது. நோட்டீஸ் அனுப்பிய பிறகு அவரே போன் செய்தார். மேசையை நானே வைத்துக்கொள்ள வேண்டுமாம், ஒரு பகுதிப் பணம் தருவாராம், ரிவ்யூவை எடுத்துவிட வேண்டுமாம், "முழுத் தீர்வு" என்று ஒரு மின்னஞ்சலும் வேண்டுமாம். எடுத்துக்கொள்ளலாமா?

#14 நெற்றிக்கண்

வருது வழிக்கு! எடுத்துக்கங்க, அதுவே பெரிசு.

#15 பார்சல் பாண்டி

தொகை தூள் பலகை மேசைக்கும் முழு மர மேசைக்கும் இருக்கும் விலை வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வருகிறதா? இல்லையென்றால் தொடவே வேண்டாம். இப்படி முதலில் சொல்கிற தொகை எப்போதும் ஆழம் பார்க்க விடுகிற கல்தான்.

#16 வாதிபிரதி

எடுத்துக்கொள்வது சட்டப்படி தப்பில்லை. நிராகரிக்கும் உரிமை இருந்தும் பொருளை வைத்துக்கொண்டு இழப்பீடு மட்டும் கேட்க வாங்கியவருக்கு வழி உண்டு. ஆனால் "முழுத் தீர்வு" என்று எழுதிக் கொடுத்த பிறகு ஆறு மாதத்தில் பலகை ஊதினால் திரும்ப வாயைத் திறக்க முடியாது. உளிமகன் தண்ணீர் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இந்த மேசை வேண்டுமா? வேண்டாமென்றால் முழுப் பணம் என்பதில் நில்லுங்கள்.

ரிவ்யூவை எடுப்பதைப் பணத்தோடு முடிச்சுப் போடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். நீங்கள் எழுதியது உண்மை. அடுத்து வாங்கப் போகிறவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே எச்சரிக்கை அதுதான். வேண்டுமானால் பணம் வந்தபின் "பணம் திருப்பித் தந்தார்கள்" என்று கூடுதலாக ஒரு வரி சேருங்கள்.

தலைப்பை மாற்றியது உங்களுக்குச் சாதகம். சரியாக இருந்த தலைப்பை எதற்கு மாற்ற வேண்டும்? பழைய, புதிய இரண்டு படங்களையும் தேதியோடு வைத்திருங்கள். ஆணையம் வரை போனால் ஸ்க்ரீன்ஷாட்டுகளோடு, மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 சான்றிதழையும் இணையுங்கள். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொல்லி வந்ததுதான், 2024 ஜூலை முதல் இந்த எண்.

#17 தூறல்

பகுதிப் பணம் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். 1915 வழியாகவும் புகார் போனது. இப்போது முழுப் பணம் தர ஒப்புக்கொண்டு பிக்கப் ஆள் அனுப்புகிறார்கள். ஆனால் மேசையைப் பிரித்து, வந்த பெட்டியிலேயே போட்டு வைக்க வேண்டுமாம். பெட்டி எப்போதோ போய்விட்டது. பிரிப்பதும் என் வேலையா?

#18 வாதிபிரதி

நிராகரித்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமையே வாங்கியவருக்குக் கிடையாது, நிராகரித்ததைத் தெரிவித்தால் போதும் (1930 சட்டம், பிரிவு 43). வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் விலக்கு, அதனால் தளத்தின் ரிட்டர்ன் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். என் அபிப்பிராயம்: "பொருள் தயார், பெட்டி இல்லை, பிரிக்க ஆள் அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். இவ்வளவு தூரம் வந்தபின் பெட்டிக்காக நிறுத்த மாட்டார்கள்.

#19 உளிமகன்

நீங்க பிரிக்காதீங்க தம்பி. தூள் பலகைல ஒரு தரம் ஏறின திருகைக் கழட்டும்போது துளை பொரிஞ்சு வாய் விட்டுடும். அப்புறம் "பலகையை ஒடைச்சுட்டீங்க"ன்னு அதுக்கொரு சண்டை. அவங்க ஆளே வந்து கழட்டட்டும், நீங்க பக்கத்துல நின்னு வீடியோ மட்டும் எடுங்க.

#20 பார்சல் பாண்டி

அதோடு பிக்கப் ரசீதில் எத்தனை பலகை, எத்தனை கால், திருகுப் பை இருக்கிறதா, நிலை என்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆப்பில் வரும் ஓடிபியை எல்லாம் வண்டியில் ஏற்றின பிறகு சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். "ஒரு கால் குறைகிறது" என்று கிடங்கிலிருந்து ஒரு புகார் வந்தால் ரீஃபண்ட் அங்கேயே நின்றுவிடும். எங்களுக்கே அப்படித்தான் நிற்கும்.